'பிரிமியர்': முதற்காட்சி யாருக்கு?

"தொலைக்காட்சியில் முதன் முறையாக" என்ற கணீர்க் குரலைக் கேட்காமல் நம் வீடுகளில் தீபாவளி கழிவதில்லை. திரைக்கு வந்து சில மாதங்களே ஆன படம் என்று அந்தக் குரல் நீட்டி முழக்கும்போது, திரையின் மூலையில் 'பிரிமியர்' என்றொரு சொல் மின்னும். அரங்கில் ஏற்கெனவே ஓடி முடிந்த படம். பலர் பார்த்தாகிவிட்ட படம். அது எப்படி மறுபடியும் முதற்காட்சி ஆகும்? இந்தக் கேள்வியைக் கொண்டுதான் இன்றைய உரையைத் தொடங்க விரும்புகிறேன். ஏனென்றால் இந்த ஒரு சொல்லுக்குள் சினிமாவின் வரலாறு மட்டுமல்ல, 'பொதுமக்கள்' என்று யாரை எண்ணினார்கள் என்ற வரலாறும் அடங்கியிருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'பிரிமியர்' ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. பிரெஞ்சு மொழியில் 'முதல்' என்பதற்கு ஆண்பால் வடிவம் ஒன்று, பெண்பால் வடிவம் ஒன்று உண்டு. நாடகத்தின் முதல் நிகழ்ச்சியைச் சொல்லும்போது பெண்பால் வடிவத்தைப் பயன்படுத்தினார்கள்; அந்த மொழியில் 'நிகழ்ச்சி' என்ற சொல் பெண்பால் என்பதே காரணம். நாளடைவில் 'நிகழ்ச்சி' உதிர்ந்துபோய் 'முதல்' மட்டும் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டனர். அதற்கு முன் அவர்கள் நாடகக் கொட்டகைகளில் 'ஃபர்ஸ்ட் நைட்' என்றுதான் சொல்லி வந்தார்கள். அதைத் தமிழில் நேராகப் பெயர்த்தால் என்ன பொருள் வரும் என்பதை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. நல்ல வேளையாக, நாம் அதைப் பெயர்க்கவில்லை.

ஆண்பால் வடிவமும் ஆங்கிலத்துக்குள் வந்தது. அது அரசியலுக்குப் போயிற்று. முதலமைச்சர், பிரதமர் ஆகியோரைக் குறிக்கும் 'பிரிமியர்' அதுதான். 2022ஆம் ஆண்டில் சரவாக் மாநிலம் தன் முதலமைச்சரின் பதவிப் பெயரையே 'பிரிமியர்' என்று மாற்றிக்கொண்டது நினைவிருக்கும். சனிக்கிழமை இரவுகளில் நம் இளைஞர்கள் கண்விழித்துப் பார்க்கும் காற்பந்துக் குழுக்களின் 'பிரிமியர் லீக்' என்பதும் அதே ஆண்பால் வடிவமே. ஆங்கில எழுத்தில் இவ்விரண்டுக்கும் கடைசி எழுத்து வேறுபடும். தமிழ் எழுத்தில் எழுதும்போது அந்த வேறுபாடும் மறைந்து, அமைச்சரும் சினிமாவும் ஒன்றாகிவிடுகிறார்கள்!

இது ஏதோ ஐரோப்பிய விசித்திரம் என்று எண்ண வேண்டாம். மலாய் மொழியைப் பாருங்கள். பிரதமர் 'பெர்டானா மெந்திரி'. ஒரு படத்தின் முதற்காட்சி 'தாயாங்ஙான் பெர்டானா'. அங்கும் அமைச்சருக்கும் காட்சிக்கும் ஒரே அடைமொழி. 'பெர்டானா' என்பது நாம் 'பிரதான' என்று வழங்கும் வடசொல்லின் மலாய் உருவம். நம் பஞ்சாங்கத்திலும் இதற்கொரு சான்று உண்டு. வளர்பிறையின் முதல் நாள் 'பிரதமை'. 'பிரதமர்' என்பதற்கும் 'பிரதமை' என்பதற்கும் வேர் ஒன்றே. 'திதி' வடமொழியில் பெண்பால் ஆகையால் அதன் அடைமொழியும் பெண்பாலாயிற்று. பாரிஸ் நகரத்து நாடகக்காரர்கள் செய்த அதே காரியத்தை நம் பஞ்சாங்கக்காரர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள்.

இதன் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சொல் 'டெபியூ'. அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்ததே. விளையாட்டில் முதல் ஆட்டத்தை ஆடித் தொடங்குவதைக் குறித்த சொல். ஆங்கிலத்தில் பிரிமியருக்கு முன்னரே, 18ஆம் நூற்றாண்டிலேயே புகுந்துவிட்டது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிரிமியர் படைப்புக்கு உரியது. டெபியூ பெரும்பாலும் ஆளுக்கு உரியது. 1952 தீபாவளியன்று 'பராசக்தி' திரைக்கு வந்தது. படத்துக்கு அது முதற்காட்சி; சிவாஜி கணேசனுக்கு அது டெபியூ. ஒரே நாள், ஒரே திரை, இரண்டு சொற்கள். 1989 நவம்பரில் கராச்சியில் பதினாறு வயதுச் சச்சின் டெண்டுல்கர் மட்டையைப் பிடித்து நின்றதும் டெபியூதான். அதை யாரும் பிரிமியர் என்று சொல்ல மாட்டார்கள்.

தமிழில் இவ்விரண்டையும் ஒரே சொல் தாங்கியது. அதுதான் அரங்கேற்றம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஏறுவது ஆள். ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள் மாதவி. தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் அவளுக்குக் கிடைக்கின்றன. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்திலோ ஏறுவது நூல். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறச் சொல்லி அரங்கேறியது அந்நூல் என்கிறார் பனம்பாரனார். இரண்டிலும் அவை என்பது கைதட்டுவதற்காக உட்கார்ந்திருக்கும் கூட்டம் அன்று. கேட்டு, ஆராய்ந்து, ஏற்கவோ மறுக்கவோ உரிமை உடைய கூட்டம். பிரிமியருக்குப் போகிறவர்களுக்கு இந்த உரிமை இல்லை. அவர்கள் அழைப்பிதழோடு வருகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் குறை எழுதலாம், ஆனால் படத்தைத் தடுக்க முடியாது. அதனால்தான் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நம் பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை யாரும் 'பிரிமியர்' என்று ஆங்கில அழைப்பிதழில்கூட அச்சிடுவதில்லை. 'அரங்கேற்றம்' என்றே ஆங்கில எழுத்தில் அச்சிடுகிறார்கள். நல்ல வழக்கம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 'முதல் பொதுக் காட்சி' என்று சொல்லும்போது நாம் இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் உறுதிப்படுத்துகிறோம். ஒன்று, அது முதல். மற்றொன்று, அது பொது. 'முதல்' என்பதைத் தேதியைக் கொண்டு சரிபார்த்துவிடலாம் என்று தோன்றும். 'பொது' என்பதை எதைக் கொண்டு சரிபார்ப்பது?

சினிமாவின் பிறந்த நாளையே எடுத்துக்கொள்வோம். 1895 டிசம்பர் 28ஆம் நாள் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பாரிஸ் நகரில் கிராண்ட் கஃபே என்ற கடையின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. அந்த அறைக்குப் பெயர் என்ன தெரியுமா? 'இந்திய அறை'. அங்கே லூமியேர் சகோதரர்கள் ஆளுக்கு ஒரு பிராங்க் வாங்கிக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான பத்துப் படங்களைக் காட்டினார்கள். முதல் நாள் காசு கொடுத்து வந்தவர்கள் முப்பத்து மூன்று பேர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் அதே ஆண்டு மார்ச் 22ஆம் நாளே, தொழில் வளர்ச்சிக்கான ஒரு சங்கத்தின் கூட்டத்தில் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் படத்தை லூமியேர்கள் காட்டியிருந்தனர். வந்திருந்தவர்கள் அறிஞர்கள், காசு கொடுக்கவில்லை, ஆகவே அது கணக்கில் சேரவில்லை. காசு வாங்குவதுதான் அளவுகோல் என்றால், நவம்பர் 1ஆம் நாள் பெர்லினில் ஸ்கிளடனோவ்ஸ்கி சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிவிட்டார்கள். அதற்கும் முன்பு மே மாதம் நியூயார்க்கில் லேதம் குடும்பத்தினர் காட்டிவிட்டார்கள். பிறகு ஏன் டிசம்பர் 28? லூமியேர்களின் கருவி நன்றாக வேலை செய்தது. ஓராண்டுக்குள் உலகெங்கும் பரவியது. வென்றவனின் தேதியே முதல் தேதியானது என்பதுதான் உண்மை.

அந்தக் கருவி கப்பலேறி இந்தியாவுக்கு வர ஏழு மாதம்கூட ஆகவில்லை. 1896 ஜூலை 7ஆம் நாள் பம்பாய் வாட்சன் விடுதியில் ஆறு படங்கள் காட்டப்பட்டன. கட்டணம் ஒரு ரூபாய். அன்றைய ஒரு ரூபாய் என்பது கூலித் தொழிலாளி ஒருவன் பல நாள் உழைத்துச் சேர்க்க வேண்டிய காசு. விடுதியோ வெள்ளைக்காரர்களின் விடுதி. எனவே இந்தியாவின் முதல் சினிமாக் காட்சியை இந்தியர்களில் வெகு சிலரே பார்த்திருக்க முடியும். ஒரு வாரம் கழித்து நாவல்டி நாடகக் கொட்டகைக்குக் காட்சிகள் மாறின. அங்கேதான் கட்டணத்தை நாலணாவிலிருந்து இரண்டு ரூபாய் வரை வகுத்தார்கள். கோஷாப் பெண்களுக்குத் தனித் தடுப்பறைகளும் அமைத்தார்கள். நாலணா வகுப்பும் கோஷா அறையும் வந்த பிறகுதானே அது பொதுக் காட்சி? இருந்தும், ஆண்டுதோறும் நினைவுகூரப்படுவது ஜூலை 7தான்.

தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' விஷயத்தில் நியாயம் சற்று மாறி நடந்தது. 1913 ஏப்ரல் 21ஆம் நாள் பம்பாய் ஒலிம்பியா அரங்கில் அழைக்கப்பட்ட பெரிய மனிதர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் அந்தப் படம் காட்டப்பட்டது. இன்றைய வழக்கில் சொன்னால் அதுவே பிரிமியர். மே 3ஆம் நாள் கிர்காம் பகுதியில் இருந்த கொரோனேஷன் அரங்கில் சீட்டு வாங்கிய மக்கள் பார்த்தார்கள். இந்திய சினிமாவின் பிறந்த நாளாக இன்று கொண்டாடப்படுவது மே 3. இங்கே மட்டும் கனவான்களின் தேதி பின்னுக்குப் போய், சீட்டு வாங்கியவனின் தேதி முன்னுக்கு வந்துவிட்டது. எனக்கு இது மிகவும் பிடித்த விதிவிலக்கு.

விளக்கு வெளிச்சமும் சிவப்புக் கம்பளமும் உள்ள பிரிமியர், ஹாலிவுட் கொடுத்த கொடை. 1922 அக்டோபர் 18ஆம் நாள் சிட் கிரௌமன் என்ற அரங்கு முதலாளி, தம் புதிய 'எகிப்தியன்' அரங்கில் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் நடித்த 'ராபின் ஹூட்' படத்தோடு அதைத் தொடங்கி வைத்தார். வானத்தைத் துழாவும் ஒளிக்கற்றைகள், காரிலிருந்து இறங்கும் நட்சத்திரங்கள், கயிற்றுக்கு அப்பால் நிற்கும் கூட்டம் என்று எல்லாம் அங்கிருந்து வந்தவை. படம் பார்க்க வருபவர்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் வரும் விந்தை இதனோடு சேர்ந்துகொண்டது. பிரிமியர் என்றால் உள்ளே இருப்பவர்கள், வெளியே நிற்பவர்கள் என்று இரண்டு வகுப்பு உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. இந்தக் கயிறு எவ்வளவு கொடியதாக முடியும் என்பதைக் காட்டியது 1939ஆம் ஆண்டு.

'கான் வித் தி விண்ட்' என்ற படத்தைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கதை. மார்கரெட் மிட்சல் எழுதிய நாவல்; டேவிட் செல்ஸ்னிக் தயாரித்த படம். கதாநாயகி விவியன் லீ, நம் டார்ஜிலிங்கில் பிறந்தவர். கதை நடக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டாவிலேயே முதற்காட்சி நடக்க வேண்டும் என்று முடிவாயிற்று. டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை. மாநில ஆளுநர் அந்நாளை விடுமுறையாக அறிவித்தார். நட்சத்திரங்களின் ஊர்வலத்தைப் பார்க்கச் சாலையோரங்களில் சுமார் மூன்று லட்சம் பேர் திரண்டார்கள் என்று அன்றைய மதிப்பீடுகள் கூறின. லோயூஸ் கிராண்ட் அரங்கின் முகப்பில் படத்தில் வரும் மாளிகையைப் போலத் தூண்கள் எழுப்பினார்கள். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் போரிட்டு இன்னும் உயிரோடிருந்த முதியவர்களைக்கூடத் தேடிப்பிடித்து அழைத்து வந்தார்கள். உள்ளே இடமோ ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்குத்தான். கிளார்க் கேபிள் வந்தார், விவியன் லீ வந்தார், ஒலிவியா டி ஹாவிலண்ட் வந்தார், நாவலாசிரியையும் வந்தார்.

வராதவர் ஹாட்டி மெக்டேனியல்.

கதாநாயகியை வளர்த்து ஆளாக்கும் கறுப்பினப் பணிப்பெண்ணாக நடித்தவர் அவர். படத்தைப் பார்த்தவர்கள் மறக்க முடியாத வேடம். ஆனால் ஜார்ஜியாவின் இனப்பிரிவினைச் சட்டப்படி அவர் அந்த அரங்கில் வெள்ளையர்களோடு உட்கார முடியாது. அவர் மட்டுமல்ல, படத்தில் நடித்த கறுப்பினக் கலைஞர் ஒருவர்கூட அன்று அங்கே இல்லை. கேபிள் கோபம் கொண்டு, தாமும் போகப்போவதில்லை என்று சொன்னதாகவும், மெக்டேனியலே அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியதாகவும் கூறுவார்கள். திரையில் அவர் முகம் இருக்கலாம். இருக்கையில் அவர் உடல் இருக்கக்கூடாது.

முதல் நாள் இரவு, அதாவது டிசம்பர் 14ஆம் நாள், நகர மண்டபத்தில் வெள்ளையர்களுக்காக ஒரு நடன விருந்து நடந்தது. அங்கே பாட ஒரு கறுப்பினத் தேவாலயப் பாடகர் குழு அழைக்கப்பட்டது. அடிமைகளைப் போல உடை உடுத்தி, தோட்ட மாளிகையின் போலி முகப்புக்கு முன் நின்று அவர்கள் பாடினார்கள். அந்தக் குழுவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தேவாலயப் போதகரின் மகன். பெயர் மார்ட்டின் லூதர் கிங். பாடுவதற்கு உள்ளே வரலாம், விருந்தினனாக வர முடியாது என்ற அந்த விதியை அச்சிறுவன் அன்று எப்படிப் புரிந்துகொண்டானோ! இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1963 ஆகஸ்டில், வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில் பேசியவர் அவர்தான்.

மெக்டேனியல் டிசம்பர் 28ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த சிறப்புக் காட்சிக்கு வந்தார். அதற்கும் பிரிமியர் என்றே பெயர். எனவே அவருக்குக் கிடைத்தது இரண்டாந்தரப் பிரிமியர் என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். அவர் இருந்த முதற்காட்சி அதுதான். இரண்டு மாதம் கழித்து, 1940 பிப்ரவரி 29ஆம் நாள், ஆஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரானார். அன்றும் உடன் நடித்தவர்களோடு ஒரே மேசையில் அவருக்கு இடமில்லை. சுவரோரமாக ஒரு சிறு மேசையில் இருந்து எழுந்து வந்துதான் விருதைப் பெற்றார். அவருடைய விருதுப் பட்டயம் பின்னாளில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து காணாமற்போயிற்று. 2023ஆம் ஆண்டில் ஆஸ்கார் கழகம் மாற்றுப் பட்டயம் ஒன்றைச் செய்து அப்பல்கலைக்கழகத்திடம் வழங்கியது.

இந்தப் படத்தைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அட்லாண்டாவுக்கு மூன்று மாதம் முன்பே ஓர் அரங்கு நிறைந்த கூட்டம் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டது! 1939 செப்டம்பர் 9ஆம் நாள், கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் என்ற சிறிய ஊரில், ஃபாக்ஸ் அரங்குக்கு வழக்கம்போல் சனிக்கிழமைப் படம் பார்க்க மக்கள் வந்திருந்தார்கள். செல்ஸ்னிக்கும் படத்தொகுப்பாளர் ஹால் கெர்னும் முன்னறிவிப்பின்றிப் படச்சுருள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். வேறொரு படம் காட்டப்போகிறோம், நீளமான படம், விருப்பமில்லாதவர்கள் இப்போதே போகலாம், பிறகு வெளியே போனால் திரும்ப விடமாட்டோம் என்று அறிவித்தார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. படத்தின் பெயர் திரையில் வந்ததும் அரங்கம் அதிர்ந்ததாம். ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்னீக் பிரிவியூ' என்று பெயர். தமிழில் அழகான சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் சுவாமி இல்லாமல் ஒரு முறை வீதியில் இழுத்துப் பார்ப்போமே, அதுதான். அட்லாண்டாவில் நடந்தது தேரோட்டம் என்றால் ரிவர்சைடில் நடந்தது வெள்ளோட்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அழைப்பிதழ் இல்லை, ஒப்பனை இல்லை, ஊர்வலம் இல்லை. வழக்கமான சீட்டு வாங்கி வந்த சாதாரண ஊர்மக்கள். 'முதல்', 'பொதுமக்கள்' என்ற இரண்டு சொற்களையும் அகராதிப்படி எடுத்துக்கொண்டால் அந்தச் சனிக்கிழமையே பிரிமியர் என்று வாதாட இடமிருக்கிறது. அதை அப்படி யாரும் அழைக்கவில்லை. விழா எங்கே நடந்ததோ அங்கேதான் சொல் ஒட்டிக்கொண்டது.

இதைத் தெரிந்துகொண்டால் இன்றைய வழக்கு நமக்குப் புரியும். 20ஆம் நூற்றாண்டில் இச்சொல் பெயர்ச்சொல்லாக இருந்தது போதாதென்று வினைச்சொல்லும் ஆயிற்று. ஆங்கில இலக்கணப் பெரியவர்கள் சிலர் முகஞ்சுளித்தார்கள், யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு 'உலகப் பிரிமியர்', 'ஆசியப் பிரிமியர்', 'தொலைக்காட்சிப் பிரிமியர்' என்று அடைமொழிகள் சேர்ந்தன. முதல் என்றால் ஒன்றுதானே, உலகத்துக்கு ஒரு முதல், ஆசியாவுக்கு ஒரு முதலா என்று கேட்கலாம். ஆனால் அடைமொழி வந்த பிறகுதான் சொல் ஓரளவு நேர்மையாகிறது என்பது என் கருத்து. யாருக்கு முதல் என்பதை அது சொல்லிவிடுகிறதே! பெரிய திரைப்பட விழாக்களில் இந்த அடைமொழிகளுக்குக் கறாரான பொருள் உண்டு. படம் எடுத்த நாட்டுக்கு வெளியே முதல் முறை காட்டினால் அது 'அனைத்துலகப் பிரிமியர்'. எங்குமே காட்டாத படம் என்றால்தான் 'உலகப் பிரிமியர்'. தீபாவளித் தொலைக்காட்சி அறிவிப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே. வீட்டுக் கூடத்துக்கு முதல் முறை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்படியானால் தமிழில் எதை எழுதுவது? மேடைக்கு ஏறும் ஆளுக்கும் நூலுக்கும் அரங்கேற்றம். திரைப்படத்துக்கு முதற்காட்சி. எல்லா ஊரிலும் ஒருசேரத் திரைக்கு வருவதற்கு வெளியீடு. அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டினால் சிறப்புக் காட்சி. சோதித்துப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம். இத்தனை சொற்கள் கைவசம் இருக்கும்போது எல்லாவற்றையும் 'பிரிமியர்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பல் அன்றி வேறில்லை. கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்பதை நம் சொற்கள் தெளிவாகச் சொல்கின்றன. ஆங்கிலச் சொல் அதை மூடிவிடுகிறது.

தொலைக்காட்சியில் பேசிக்கொண்டு தொலைக்காட்சியின் முதற்காட்சியைச் சொல்லாமல் விட்டால் பொருந்தாது. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15ஆம் நாள் மாலை சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. தொடங்கி வைத்தவர் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த நம்மவர். விக்டோரியா நினைவு மண்டபத்தில் அழைக்கப்பட்ட விருந்தினர்கள் அமர்ந்து பார்த்தார்கள். சிங்கப்பூரைப் பற்றிய ஒரு விவரணப் படமே முதல் நிகழ்ச்சி. முறையான சேவை ஏப்ரல் 2ஆம் நாள் தொடங்கியது. அப்போது தொலைக்காட்சிப் பெட்டி வாங்க வசதியுள்ள வீடுகள் மிகக் குறைவு. பெரும்பாலான மக்களுக்குச் சமூக மன்றமே அரங்கு. பிள்ளைகள் முன்னால் தரையில், பெரியவர்கள் பின்னால் நின்றபடி, பெட்டி ஒன்று, தலைகள் நூறு என்று பார்த்த தலைமுறை அது. அவர்களைக் கேட்டால் பிப்ரவரி 15 என்று சொல்ல மாட்டார்கள். 'எங்கள் மன்றத்துக்குப் பெட்டி வந்த நாள்' என்றுதான் சொல்வார்கள்.

மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், கோலாலம்பூர் அம்பாங் சாலையில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் துங்கு அவர்களே ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். லூமியேர்கள் காசு வாங்கிப் படம் காட்டிய அதே டிசம்பர் 28. ஹாட்டி மெக்டேனியலுக்கு அரங்கத்தில் இடம் கிடைத்ததும் அதே தேதி. தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'மலேசியத் தொலைக்காட்சியின் முதல் ஒளிபரப்பு' என்று அதை எழுதுகிறோம்; சரிதான். ஆனால் அன்றைய அலைவரிசை கோலாலம்பூரையும் அதைச் சுற்றியிருந்த பகுதியையும் தாண்டவில்லை. தோட்டப்புறங்களில் இருந்த நம் மக்கள் பலருக்கு அது பின்னாளில்தான் எட்டியது. சபா மக்கள் 1971 வரை காத்திருந்தார்கள். சரவாக் மக்களுக்குத் தொலைக்காட்சி 1975ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தது.